எண்ணியவன் யார்? கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கொடிவழித் தேடல்

போலந்து, உக்ரைன், லிதுவேனியா பக்கமிருந்து முன்னோர் வந்த யூதக் குடும்பங்களில் ஒரு பேச்சு அடிக்கடி அடிபடும்: "எல்லாம் எரிந்துபோய்விட்டது, தேடிப் பயனில்லை." ஊர் அழிந்தது, ஜெப ஆலயம் இடிந்தது, உறவுகள் கொல்லப்பட்டார்கள். காகிதம் மட்டும் எப்படி மிஞ்சியிருக்கும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அது பாதி உண்மை. யூதச் சமூகத்தின் கையில் இருந்த ஏடுகள் பெருமளவு போய்விட்டன. அரசாங்கங்களின் கையில் இருந்தவை ஏராளமாகப் பிழைத்துக் கிடக்கின்றன, வார்சாவிலும் லிவிவிலும் வில்னியஸிலும்.

அந்த அரசாங்கங்கள் யூதர்கள் மேல் அக்கறைப்பட்டு எதையும் எழுதிவைக்கவில்லை. வரி வாங்க வேண்டும், படைக்கு ஆள் பிடிக்க வேண்டும், யார் எங்கே வசிக்கலாம் என்று கட்டுப்படுத்த வேண்டும். அதற்காக எண்ணினார்கள். எனவே யூதக் குடும்ப வரலாற்றைத் தேடுகிறவர் "என் கொள்ளுத்தாத்தா யார்?" என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: அவரை எண்ண வேண்டிய தேவை அன்றைக்கு யாருக்கு இருந்தது? இதற்கு விடை கிடைத்தால் பதிவு எந்த மொழியில் இருக்கும், எந்த ஊர் அலுவலகத்தில் இருக்கும், அதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது வரை தெளிவாகிவிடும்.

குடும்பப் பெயரிலிருந்தே தொடங்கலாம். ரோசன்பெர்க், கோல்டுஸ்டீன் போன்ற பெயர்களைக் கேட்டால் பல நூற்றாண்டுப் பழமை இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களில் பெரும்பாலோருக்கு 18ஆம் நூற்றாண்டின் கடைசி வரை பரம்பரைக் குடும்பப் பெயரே கிடையாது. இத்ஸ்ஹாக்கின் மகன் யாக்கோபு, அவ்வளவுதான். அடுத்த தலைமுறையில் யாக்கோபின் மகன் மோசே. தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், நம் இனிஷியல் முறையும் இதேதான். கே. முருகனின் மகன் எம். செல்வம். திடீரென்று ஒரு நாள் அரசாங்கம் வந்து, "வரும் ஜனவரி முதல் உன் பரம்பரை முழுவதற்கும் ஒரே பெயர்தான், அதுவும் நான் ஒப்புக்கொள்ளும் பெயர்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787இல் அதைத்தான் செய்தார். 1788 ஜனவரி 1 முதல் அவருடைய ஆட்சிக்கு உட்பட்ட யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ரஷ்யா 1804இலும், நெப்போலியன் 1808இலும், பிரஷ்யா 1812இலும், ரஷ்யாவின் பிடியில் இருந்த போலந்து 1821இலும் இதே மாதிரி ஆணைகளைக் கொண்டுவந்தன.

லஞ்சம் கொடுத்தவர்களுக்குப் பூ, தங்கம் என்று அழகான பெயரும் கொடுக்காதவர்களுக்குக் கேலிப்பெயரும் வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. சுவையான கதைதான், பெயராய்வாளர்கள் அதைப் பெரிதாக நம்புவதில்லை. தேடுகிறவருக்கு முக்கியமானது வேறு. வெவ்வேறு ஊரில் இருந்த இரண்டு அண்ணன் தம்பிகள் வெவ்வேறு பெயர் பெற்றிருக்கலாம். எந்த உறவும் இல்லாத நூறு குடும்பங்கள் ஒரே ரோசன்பெர்க் ஆகியிருக்கலாம். ஆகவே ஒரே குடும்பப் பெயர் என்பதை வைத்து உறவு கொண்டாடுவது இந்தத் துறையில் முதல் தவறு. ஊரும் பெயரும் சேர்ந்து பொருந்தினால்தான் அது தடயம்.

இனி கலீசியாவுக்கு வருவோம். இன்றைய தென்கிழக்கு போலந்தும் மேற்கு உக்ரைனும் சேர்ந்த பகுதி அது. 1772இல் போலந்து துண்டாடப்பட்டபோது ஆஸ்திரியாவின் கைக்குப் போனது. யூத மக்கள்தொகை அதிகம், வறுமையும் அதிகம். வியன்னா அரசு அவர்களிடமிருந்து எப்படியெல்லாம் காசு பறிக்கலாம் என்று யோசித்து யோசித்து வரி போட்டது. யூத மத விதிப்படி வெட்டிய கோஷர் இறைச்சிக்கு வரி. வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் பெண்கள் ஏற்றும் ஓய்வுநாள் மெழுகுவத்திக்கும் வரி, 1797 முதல். கல்யாணம் செய்துகொள்ளவும் அரசு அனுமதி வேண்டும், அதற்கும் கட்டணம். போதாக்குறைக்கு, மணமகனும் மணமகளும் ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட ஒரு பாடநூலில் தேர்வு எழுதித் தேறியாக வேண்டும் என்ற விதியும் சில பத்தாண்டுகள் இருந்தது.

மக்கள் என்ன செய்தார்கள்? யூத மதகுருவான ரபியை வைத்து விதானத்தின் கீழ் மத முறைப்படி கல்யாணத்தை முடித்துக்கொண்டு, அரசு அலுவலகப் பக்கமே போகாமல் இருந்துவிட்டார்கள். ஊருக்கும் கடவுளுக்கும் முன்னால் அவர்கள் கணவன் மனைவி. அரசின் கண்ணில் கல்யாணமே ஆகவில்லை. விளைவு, பிறந்த பிள்ளைகள் எல்லாம் பதிவேட்டில் 'முறையற்ற பிறப்பு' என்ற கட்டத்தில் விழுந்தார்கள், அம்மாவின் குடும்பப் பெயரோடு. முதன்முதலாகக் கொள்ளுப்பாட்டியின் பிறப்புப் பதிவைக் கண்டுபிடிக்கும் அமெரிக்கப் பேரப்பிள்ளைகள் இந்த இடத்தில் அதிர்ச்சி அடைவார்கள். அதிர்ச்சிக்கு ஒன்றுமில்லை. அது ஒழுக்கத்தைப் பற்றிய குறிப்பு அல்ல, வரி கட்டாததைப் பற்றிய குறிப்பு.

இதன் சிக்கல் அத்தோடு முடியாது. அந்த அம்மாவே தன் அம்மாவின் பெயரில் பதிவானவராக இருக்கலாம். அப்படியானால் இரண்டு தலைமுறைக்கு ஆண்வழிப் பெயர் எங்கேயும் தென்படாது. அதே வீட்டில் ஒரு பிள்ளை அப்பா பெயரிலும் இன்னொரு பிள்ளை அம்மா பெயரிலும் பள்ளிக்கூடம் போனதும் உண்டு. பின்னால் சொத்துப் பிரச்சினையோ வெளிநாடு போக ஆவணமோ தேவைப்பட்டபோது, பேரன் பேத்தி எடுத்த வயதில் தாத்தாவும் பாட்டியும் அரசு அலுவலகத்துக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அறுபது வயதில் ஒரு 'மணமகன்' கிடைத்தால் குழம்ப வேண்டாம், அது மறுமணம் ஆகாது. ஆவணங்களில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் 'ரெக்டே' (சரியாக) என்றோ 'ஃபால்சே' (தவறாக) என்றோ லத்தீனில் போட்டு இன்னொரு பெயர் எழுதியிருந்தால், எழுத்தரும் இந்தக் குழப்பத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

நல்ல பக்கமும் உண்டு. 1877க்குப் பிறகு கலீசியாவின் யூதப் பதிவேடுகள் அச்சிட்ட கட்டங்களோடு ஒழுங்கான வடிவம் பெற்றன. பிறந்த தேதி, வீட்டு எண், அம்மாவின் பெற்றோர் பெயர், அவர்கள் ஊர், மருத்துவச்சி பெயர் வரை இருக்கும். இதில் வீட்டு எண்ணை அற்பமாக நினைக்கக் கூடாது. பெயர் மாறி மாறி வரும்போது, ஒரே வீட்டு எண்ணில் பிறந்தவர்களையும் இறந்தவர்களையும் கோத்துப் பார்த்துத்தான் பல குடும்பங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நில வரிக்காக ஆஸ்திரியர்கள் தயாரித்த அளவை வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால், கொள்ளுத்தாத்தா வீடு சந்தைச் சதுக்கத்திலிருந்து எத்தனையாவது வீடு என்பதைக்கூடச் சில ஊர்களில் சொல்லிவிடலாம். 1993 முதல் இயங்கும் கெஷர் கலீசியா அமைப்பு இத்தகைய பதிவுகளையும் வரைபடங்களையும் தேடக்கூடிய வடிவில் சேர்த்துவருகிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம், ரஷ்யப் பேரரசில் கதை வேறு. அங்கே தலைவரிக்காக 'ரெவிஷன்' பட்டியல்கள் எடுத்தார்கள், பத்தாவதும் கடைசியுமானது 1850களின் இறுதியில். குடும்பம் குடும்பமாக ஆண்களின் வயது, முந்தைய கணக்கெடுப்பின்போது என்ன வயது, இடையில் யார் இறந்தார், யார் படைக்குப் போனார் என்று இருக்கும். ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைப்பதும் உண்டு. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. குடும்பம் எந்த ஊர்ச் சமூகத்தில் பதிவாகியிருந்ததோ அந்த ஊரில்தான் பெயர் இருக்கும். வேறு ஊருக்குக் குடிபோய் முப்பது வருஷம் ஆகியிருந்தாலும் வரிக்கணக்கு பழைய ஊரில்தான். வசித்த ஊரில் மட்டும் தேடிவிட்டு "பதிவே இல்லை" என்று கைவிட்டவர்கள் பலர். வயதையும் நம்ப வேண்டாம். படைக்கு ஆள் பிடிக்கும் பட்டியலில் சொந்தப் பிள்ளையின் சரியான வயதை எந்த அப்பா சொல்வார்?

ரஷ்யப் போலந்தில் பதிவுகள் கட்டமாக இல்லாமல் பத்தியாக எழுதப்பட்டன. இன்ன தேதி, இன்ன மணிக்கு, இன்ன தொழில் செய்யும் இன்னார் இரண்டு சாட்சிகளோடு நேரில் வந்து ஒரு குழந்தையைக் காட்டினார் என்று கதை மாதிரி போகும். 1868 வரை போலிஷ் மொழியில். பிறகு முதல் உலகப் போர்க் காலம் வரை ரஷ்ய மொழியில். அப்பாவின் பிறப்பு ஓர் எழுத்தில், மகனின் பிறப்பு இன்னோர் எழுத்தில். இதையெல்லாம் வரிசைப்படுத்தி அட்டவணை போடும் வேலையை ஜே.ஆர்.ஐ. போலந்து என்ற திட்டம் 1995 முதல் செய்துவருகிறது. முதலில் அதற்கு உதவிய படச்சுருள்களில் பெரும்பகுதி யார் எடுத்தவை தெரியுமா? மார்மன் திருச்சபை. தங்கள் மதக் கொள்கைப்படி இறந்துபோன முன்னோர்க்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்பதற்காக உலகம் முழுவதும் பதிவேடுகளைப் படம்பிடித்தவர்கள் அவர்கள். நாஜி இனப்படுகொலையில் இறந்த யூதர்களுக்கும் அப்படிச் செய்தது தெரியவந்து பெரும் கசப்பாகி, 1995இல் அதை நிறுத்துவதாக ஓர் உடன்பாடு ஏற்பட்டது. எண்ணியவரின் நோக்கம் ஒன்று, பயன்பட்டது இன்னொன்றுக்கு.

அமெரிக்காவுக்குப் போனவர்கள் கதையில் எல்லிஸ் தீவு வராமல் இருக்காது. 1892இல் திறக்கப்பட்டு 1954 வரை இயங்கி, 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் கடந்துபோன வாசல் அது. "எங்கள் பெயரை எல்லிஸ் தீவு அதிகாரி மாற்றிவிட்டார்" என்று சொல்லாத குடும்பம் அபூர்வம். நடந்தது அது இல்லை. அந்த அதிகாரி பெயரை எழுதவே இல்லை. ஹாம்பர்க்கிலோ ராட்டர்டாமிலோ கப்பல் கம்பெனி எழுத்தர் தயாரித்துக் கொடுத்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார், அவ்வளவே. பெயரை மாற்றிக்கொண்டது குடியேறியவர்களே, சில வருஷம் கழித்து, வேலைக்காகவும் பிள்ளைகளின் பள்ளிக்காகவும். இது தெரிந்தால் தேடும் முறையே மாறிவிடும். கப்பல் பட்டியலில் அமெரிக்கப் பெயரைத் தேடக் கூடாது, பழைய பெயரைத் தேட வேண்டும். 1907 முதல் அந்தப் பட்டியல்களில் ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் கேட்கப்பட்டது. பல குடும்பங்களுக்குச் சொந்த ஊர் எது என்று காட்டிக்கொடுத்தது அந்த ஒரு கட்டம்தான்.

முதற்பெயரும் சும்மா இருக்காது. யூத ஆண்களுக்கு ஜெப ஆலயத்தில் ஒரு எபிரேயப் பெயர், தெருவில் அவர்கள் பேச்சுமொழியான யித்திஷில் ஒரு பெயர் என்று ஜோடியாக இருந்தது. ஆதியாகமத்தில் யாக்கோபு தன் மகன்களை ஆசீர்வதிக்கும்போது யூதாவைச் சிங்கக்குட்டி என்றும் நப்தலியைப் பெண்மான் என்றும் பென்யமீனை ஓநாய் என்றும் சொல்கிறார் அல்லவா? அதை ஒட்டி, யூதா என்பவரை லைப் (சிங்கம்) என்றும் நப்தலியை ஹிர்ஷ் (மான்) என்றும் பென்யமீனை வோல்ஃப் (ஓநாய்) என்றும் கூப்பிடுவார்கள். நியூயார்க் போனதும் லைப் லூயிஸ் ஆனார், ஹிர்ஷ் ஹாரி ஆனார். கல்லறையில் நப்தலி, கப்பலில் ஹிர்ஷ், கடைப் பலகையில் ஹாரி. மூவரும் ஒருவரே.

எழுத்துக்கூட்டல் இன்னொரு தலைவலி. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவுகளில் பெயர் தேடப் பயன்பட்ட சவுண்டெக்ஸ் முறை, ஒலி ஒத்த பெயர்களை ஒரே குறியீட்டில் சேர்ப்பதற்காக வந்தது. ஆங்கிலப் பெயருக்கு அது சரி. மாஸ்கோவிட்ஸ் என்ற பெயரை ஆங்கிலத்தில் 'டபிள்யூ' போட்டு எழுதினால் ஒரு குறியீடு, 'வி' போட்டு எழுதினால் வேறொன்று. இதற்கு மாற்றாக 1985இல் ராண்டி டைட்ச், கேரி மொகொடாஃப் என்ற இருவர் கிழக்கு ஐரோப்பியப் பெயர்களுக்கென்றே ஒரு குறியீட்டு முறையை உருவாக்கினார்கள். இன்று ஜூயிஷ்ஜென் போன்ற பெரிய தரவுத்தளங்களில் பெயர் தேடும்போது பின்னால் இயங்குவது அதுதான்.

ஊர் எது என்று தெரிந்தாலும் நாடு எது என்பது தனிக் கேள்வி. லிவிவ் நகரத்தில் 1900இல் பிறந்தவர் ஆஸ்திரியக் குடிமகன், ஊர்ப் பெயர் லெம்பெர்க். இரண்டு போர்களுக்கு நடுவே அது போலந்து. 1939இல் சோவியத், 1941இல் ஜெர்மன் ஆக்கிரமிப்பு, 1944இல் மறுபடி சோவியத், 1991 முதல் உக்ரைன். வீட்டை விட்டு நகராமலே அவர் இத்தனை ஆட்சி பார்த்திருக்க முடியும். கிழக்கு கலீசியாவின் யூதப் பதிவேடுகளில் பெரும்பகுதி இன்று உக்ரைனில் இல்லை, வார்சாவின் பழைய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஊர் இருக்கும் நாட்டில் தேடினால் கிடைக்காமல் போக இதுவும் காரணம்.

யூதர்களே எழுதியவை ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, கல்லில். யூதக் கல்லறைக் கல்வெட்டில் இறந்தவர் பெயரோடு அப்பா பெயரும் எபிரேயத்தில் இருக்கும். அதாவது ஒரு கல், இரண்டு தலைமுறை. விரித்த இரு கைகள் செதுக்கியிருந்தால் அவர் கோஹென் என்ற குருக்கள் வழி. தண்ணீர்க் குடுவை இருந்தால் லேவி வழி. ஆண்டை எழுத்துகளால் குறிப்பார்கள், ஆயிரத்தை விட்டுவிட்டு. வரும் எண்ணோடு 1240ஐக் கூட்டினால் பொது ஆண்டு. 661 என்றால் 1901. யூதப் புத்தாண்டு இலையுதிர் காலத்தில் பிறப்பதால், அந்த யூத ஆண்டின் முதல் சில மாதங்களில் நடந்த இறப்பு என்றால் 1900. நியூயார்க்கில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் சங்கம் அமைத்து, மயானத்தில் சேர்ந்து இடம் வாங்கிவைத்தார்கள். தாத்தா எந்தச் சங்கத்தின் இடத்தில் புதைக்கப்பட்டார் என்பதே அவர் ஊரைச் சொல்லும்.

பெயர் வைக்கும் வழக்கமும் ஒரு சாட்சி. கிழக்கு ஐரோப்பிய அஷ்கெனாசி யூதர்கள் உயிரோடு இருப்பவர் பெயரைக் குழந்தைக்கு வைக்க மாட்டார்கள், இறந்த உறவினர் பெயரைத்தான் வைப்பார்கள். ஆகவே இரண்டு மூன்று வருஷத்துக்குள் அண்ணன் தம்பி வீடுகளில் அடுத்தடுத்து மூன்று மெண்டல் பிறந்தால், தாத்தா மெண்டல் அதற்குச் சற்று முன் காலமானார் என்று ஊகிக்கலாம். ஸ்பெயின் வழி வந்த செஃபார்டி யூதர்களிடம் இந்தக் கணக்கு செல்லாது. அவர்கள் நம்மைப் போல உயிரோடிருக்கும் தாத்தா பெயரையே பேரனுக்கு வைப்பார்கள்.

செஃபார்டிகள் என்றதும் சென்னை நினைவுக்கு வர வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் பவளத்தைக் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கி லண்டனுக்கு அனுப்பிய போர்ச்சுகீசிய வழி யூத வணிகர்கள் மதராஸில் இருந்தார்கள். ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெரு அந்த வணிகத்தின் மிச்சம். 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மேன்கள் எனப்பட்ட அதன் மூத்த உறுப்பினர்களில் மூவர் யூதர்கள். அவர்களின் சந்ததியைத் தேடுகிறவர் வார்சாவுக்குப் போய் என்ன செய்வது? கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிதங்களையும் உயில்களையும்தான் புரட்ட வேண்டும். அங்கே அவர்களை எழுதிவைக்கும் தேவை கம்பெனிக்கு இருந்தது.

இனப்படுகொலைக்கு வந்தால் இதே கேள்வி கொடூரமாகிறது. நாஜிகளும் எண்ணினார்கள். ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து போன்ற நாடுகளிலிருந்து ரயிலேற்றப்பட்டவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது, ஆகவே அங்கே இறந்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் தெரியும். உக்ரைனிலும் பெலாரஸிலும் ஊருக்கு வெளியே பள்ளங்களின் ஓரத்தில் நிறுத்திச் சுடப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் பட்டியல் கிடையாது. ஆஷ்விட்சில் இறங்கியதும் நேரே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்கள் முகாம் பதிவேட்டில் ஏறவே இல்லை. முகாம் பதிவில் பெயர் இருப்பவர் அங்கே கொஞ்ச நாளாவது உயிரோடு வைக்கப்பட்டவர். "ஆஷ்விட்சில் பதிவு இல்லை, அப்படியானால் தப்பித்திருப்பார்" என்று குடும்பங்கள் நம்பியிருந்தது இந்த விவரம் தெரியாமல்தான்.

இந்த இடைவெளியை நிரப்ப, 1953இல் நிறுவப்பட்ட யாத் வஷேம் நினைவகம் உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் சாட்சிப் படிவங்களை வாங்கிச் சேர்த்தது. இறந்தவர் பெயர், பெற்றோர், ஊர், தொழில். 2004 முதல் இணையத்தில் தேடலாம். இப்போது சுமார் 50 லட்சம் பெயர்கள். அதில் எல்லோரும் இறந்தவர் விவரத்தைத்தான் பார்ப்பார்கள். கீழே, படிவத்தை நிரப்பியவர் பெயரையும் உறவையும் பார்க்க வேண்டும். 1955இல் டெல் அவீவிலிருந்து "இறந்தவர் என் சித்தப்பா" என்று ஒருவர் எழுதியிருந்தால், அந்தச் சித்தப்பா உங்களுக்கும் உறவு என்றால், எழுதியவரின் பிள்ளைகள் இன்று உயிரோடு இருக்கலாம். ஜெர்மனியின் பாட் அரோல்சன் நகரில் உள்ள அரோல்சன் ஆவணக் காப்பகம் இன்னொரு பெரும் கடல். சுமார் 3 கோடி ஆவணங்கள், 1 கோடியே 75 லட்சம் பேரைப் பற்றியவை. போருக்குப் பிறகு காணாமல்போனவர்களைத் தேடும் அலுவலகமாக இருந்து, 2007இல்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்தது. உயிர் பிழைத்த அகதிகள் எந்த முகாமிலிருந்து எந்த நாட்டுக்குப் போனார்கள் என்பதும் அங்கே இருக்கிறது.

மரபணுச் சோதனை எச்சில் துப்பினால் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று இன்று பலர் நினைக்கிறார்கள். அஷ்கெனாசி யூதர் ஒருவர் சோதனை செய்துகொண்டால் ஆயிரக்கணக்கான 'உறவினர்' பட்டியல் வரும். காரணம், 2014இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அறுநூறு முதல் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இந்தச் சமூகம் சுமார் 350 பேர் அளவுக்குச் சுருங்கிப் பிறகு பெருகியது. அதன்பின் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்டார்கள். ஆகவே இருவர் மூன்றாம் தலைமுறை உறவுபோலக் காட்டினாலும், உண்மையில் பத்து வழிகளில் மிகத் தொலைவான உறவாக இருக்கலாம். மொத்தப் பொருத்தத்தைப் பார்க்காமல், தொடர்ச்சியாகப் பொருந்தும் நீளமான துண்டு ஒன்றாவது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அனுபவசாலிகள் வழக்கம். காகிதம் ஏற்கெனவே ஒரு ஊகத்தைத் தந்திருந்தால் அதைச் சோதிக்க மரபணு நல்ல கருவி. காகிதமே இல்லாத இடத்தில் அது பெரும்பாலும் சத்தம்தான்.

எவ்வளவு தூரம் பின்னே போகலாம்? புகழ்பெற்ற ரபிமார் குடும்பங்களுக்கு எழுதிவைத்த வம்சாவளிகள் உண்டு. அவற்றில் பல, பிரான்சின் ட்ரோயில் வாழ்ந்து 1105இல் மறைந்த வேத உரையாசிரியர் ராஷி வரை போய், அங்கிருந்து தாவீது அரசர் வரையே ஏறும். ராஷிக்கு மகன்கள் இல்லை, மகள்கள் மட்டுமே. ஆகவே அவர் வழி என்பது தொடக்கத்திலேயே பெண் வழி. நடுவில் வரும் தலைமுறைகளுக்குப் பல இடங்களில் குடும்ப மரபைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. சாதாரண கலீசியக் குடும்பத்துக்கு அந்த வசதியும் இல்லை. 1780களில் பதிவு தொடங்கியபோது எழுபது வயதில் இறந்த ஒருவரின் பெயர் கிடைத்தால், 1710களில் பிறந்த ஒரு மனிதர் வரை போகலாம். அதற்கும் மேலே கிளை விட்ட மரத்தை யாராவது இணையத்தில் போட்டிருந்தால், ஒவ்வொரு கிளைக்கும் பதிவேடு எது என்று கேட்டுவிட்டுத்தான் தன் மரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பதில் வராத கிளைகளே அதிகம்.